தங்க மெம்பரும் பெண்ணாடத்துச் சம்பந்தியும்

விருத்தாசலத்தில் என்னை யாரும் எதிலும் மெம்பராகச் சேர்த்தது கிடையாது. எங்கள் தெரு மகளிர் குழுவில்கூட, "ஒங்களுக்குத்தான் செராமிக் கம்பெனி இருக்குதே" என்று கழற்றிவிட்டார்கள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கொட்டகை, ஒரு சூளை, ஃப்யூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் செய்கிற ஆட்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் கோலாலம்பூருக்குப் போய் ஒரு பெரிய ஓட்டலுக்குத் தங்க மெம்பராகி, மகாராணி மாதிரி இருந்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

மாப்பிள்ளை செந்திலுக்குக் கோலாலம்பூரில் வீடு, ஊர் ஊராகச் சுற்றுகிற கம்ப்யூட்டர் வேலை. போகிற இடமெல்லாம் ஒரே கம்பெனியின் ஓட்டல்களில் தங்கியதால் அவர்கள் புள்ளி மேல் புள்ளியாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளுக்கு, கோலாலம்பூர் ஓரத்தில் தீம் பார்க்கை ஒட்டினாற்போல் இருக்கும் ஓட்டலில் இரண்டு இரவு சும்மாவே தங்கலாம். கூடவே குடும்பத்தில் ஒருவரைத் தங்க மெம்பராகச் சேர்த்துக்கொள்ளலாம். செந்தில் தன் அம்மாவைத்தான் சேர்க்கப் பார்த்தார். பாவம், அவர் பாஸ்போர்ட்டில் 'கொளஞ்சி' என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டாவது பெயரைக் கேட்டு அடம்பிடித்தது. தனம் என்ற என் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து இருந்ததால் என்னைச் சேர்த்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கொளஞ்சியம்மா பெண்ணாடத்தில் கரும்பு போடுகிற குடும்பம். என் மகள் கவிதாவின் மாமியார். கவிதா கல்யாணத்தன்று முதல் பந்தியில், எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், "இது சம்பந்தி வூட்டுக்காரங்களுக்கு ஒதுக்கின எலை, எழுந்திரிங்க" என்று ஒருவரை எழுப்பிவிட்டார். எழுந்தவர் கொளஞ்சியம்மாவின் சொந்த அண்ணன். அன்றிலிருந்து அந்த அம்மா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது இல்லை. பேச வேண்டியதை நடுவில் இருக்கிற யாரிடமாவது சொல்வார். யாரும் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார்.

கவிதாவுக்கு ஏழாம் மாதம். ஊருக்கு வர டாக்டர் அனுமதிக்காததால் வளைகாப்பைக் கோலாலம்பூரிலேயே ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். என் வீட்டுக்காரர் சூளையை விட்டு வர முடியவில்லை, கொளஞ்சியம்மா வீட்டுக்காரருக்குக் கரும்பு வெட்டு. ஆகவே நாங்கள் இரண்டு பெண்களும் மட்டும் வந்து இறங்கினோம். வந்த மூன்றாம் நாளே கொளஞ்சியம்மா மகனிடம் சொல்லிவிட்டார்: "இந்த வளையல எடுத்துக் குடுத்துட்டு நான் கெளம்புறன்பா. சனிக்கெழம டிக்கெட்டுப் போடு." மாமியார் இல்லாமல் என்ன வளைகாப்பு? எங்கள் பக்கத்தில் முதல் வளையலைப் போடுவதே மாமியார்தான்.

கவிதா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, மூணு நாளு ஓட்டல்ல அவங்களும் நீயும் மட்டுந்தான். எப்படியாச்சும் அத்தைய சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வா. அவங்க போயிட்டா எனக்கு இந்த வளைகாப்பே வேணாம்." அவள் கண் கலங்கியிருந்தது. நான் தைரியமாகத் தலையாட்டிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கைகூப்பிக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் டாக்ஸி எங்களை ஓட்டலின் பின்வாசலில், துவைத்த துணி மூட்டைகள் இறங்குகிற இடத்தில் இறக்கிவிட்டுப் பறந்துவிட்டது. டிரைவர் சீனக் கிழவர். "ஓட்டல் இதுதான், இதுதான்" என்று கையைக் காட்டியது மட்டும் புரிந்தது. எங்கள் பெட்டிகளும் அந்த மூட்டைகளோடு உள்ளே போகப் பார்த்தன. நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். கொளஞ்சியம்மா ஒரு மூட்டையைப் பார்த்துச் சொன்னார்: "கல்யாணத்துலயும் இப்பிடித்தான். வந்தவங்கள எந்த வாசல்ல எறக்கறதுன்னு தெரியாது."

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தோம். மெம்பர் கார்டைக் காட்டினேன். அவ்வளவுதான், அந்த இடமே மாறிப்போயிற்று. கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து கும்பிட்டார். ஒரு பெண் ஆர்க்கிட் மாலையோடு நேராக என்னை நோக்கி வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளையைப் பெற்றவர் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவள் முதல் மாலையை வாங்குவதா? சட்டென்று சம்பந்திக்குப் பின்னால் போய் நின்றேன். மாலைக்காரி சுற்றி வந்தாள். நான் தூணுக்கு அந்தப் பக்கம் போனேன். அவளும் வந்தாள். கோட்டுக்காரர், நான் எதையோ தவறவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்துத் தரையில் தேட ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் மாலை என் கழுத்தில் விழுந்தது. உடனே கழற்றிச் சம்பந்தியிடம் நீட்டினேன். அவர் இரண்டு அடி தள்ளிப் போய், அங்கே இருந்த மீன் தொட்டியிடம் சொன்னார்: "அடுத்தவங்க கழுத்துல போட்டத எடுத்து எங்க கழுத்துல போடறதுக்கு நாங்க அவ்ளோ எளப்பமா?"

மாலைக்காரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. பெயர் சரஸ். அவள் தாத்தா காலத்திலேயே தோட்ட வேலைக்கு வந்த குடும்பமாம். "ஆண்ட்டி, மெம்பருக்குத்தான் முதல்ல குடுக்கணும். கூட வந்தவங்களுக்கு அப்புறம். அதுதான் ரூல்" என்றாள். கூட வந்தவங்க! அந்த வார்த்தை கொளஞ்சியம்மா முகத்தில் போய் அறைந்ததைப் பார்த்தேன். இனி சனிக்கிழமை விமானத்தைக் கடவுளாலும் நிறுத்த முடியாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று முழுவதும் சரஸ்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். தமிழிலிருந்து தமிழுக்கு. "ஜன்னல் பக்கம் யாரு படுக்கறதுன்னு கேளும்மா" என்பார் சம்பந்தி. "ஜன்னல் பக்கம் யாரு படுக்கறதுன்னு கேக்குறாங்க" என்பாள் சரஸ். "அவங்க இஷ்டம்னு சொல்லும்மா" என்பேன் நான். மெம்பர் என்பதால் சாதாரண அறையை விட்டுப் பெரிய அறையாகக் கொடுத்திருந்தார்கள். பெரிய அறை, பெரிய ஜன்னல், நடுவில் ஒரே ஒரு கட்டில். நெல் காயப்போடலாம், அவ்வளவு அகலம். அதன் மேல் துண்டை மடித்து இரண்டு அன்னப் பறவைகள் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. கொளஞ்சியம்மா அவற்றைப் பிரித்து, ஒன்றை இந்தக் கோடியிலும் ஒன்றை அந்தக் கோடியிலும் வைத்தார்.

அந்த அறையின் குளியலறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செராமிக் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்ப்போம். எந்த ஊர்ச் சரக்கு, பூச்சு சரியாக ஓடியிருக்கிறதா, அடியில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் கை சும்மா இருக்காது. அந்த வாஷ்பேசினில் ஒரு ஊசிமுனைக் குழிகூட இல்லை. கக்கூஸைச் சுற்றி வந்து முட்டி போட்டுப் பின்பக்கம்வரை தடவிப் பார்த்தேன். சம்பந்தி வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் வியாதி உண்டு. சர்க்கரை ஆலை ஊர்க்காரர் அல்லவா, அறையில் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்து, "நம்ம ஆலைச் சக்கரைக்கு இது கால்தூசி" என்று டிவியிடம் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டுக்கு நீளமான மேசையில் என்னென்னவோ வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு வாசனையாக இருந்தது. அதன் மேல் ஊற்றுகிற சிவப்புச் சட்னியில் நெத்திலிக் கருவாடு. எனக்கு அமிர்தம். சம்பந்திக்கு அன்று விரதம், கவிச்சி தொடமாட்டார். அவர் தயிர் என்று நினைத்துக் கிண்ணம் நிறைய எடுத்துச் சோற்றில் பிசைந்தது, சோயாவில் செய்த இனிப்பு. முதல் வாய் வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து என் வயிறு குலுங்கியது. சிரித்தால் செத்தோம் என்று துடைக்கும் துணியை வாயில் அடைத்துக்கொண்டேன். "ஊருக்குப் போனதும் கொளஞ்சியப்பர் கோயில்ல இந்த ஓட்டல்காரன் மேல பிராது எழுதிக் கட்டணும்" என்று அவர் தண்ணீர் ஜாடியிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் போலீஸை விட அந்தச் சாமியிடம் போகும் புகார்தான் அதிகம். என் மேலும் ஒன்று கட்டியிருப்பாரோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை மெம்பர்களுக்கென்றே இருக்கிற மேல்மாடி அறையில் டீ. அங்கே டீயை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றி நுரை பொங்கக் கொடுக்கிறார்கள். நம்ம ஊர் டீக்கடை மாஸ்டர்தான், தலையில் வெள்ளைத் தொப்பி மட்டும் கூடுதல். கப்போ பால் போல மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிந்தது. எனக்குப் பரவசமாகிவிட்டது. இப்படி ஒரு சரக்கு எந்தச் சூளையில் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எப்படி இருப்பது? கப்பைத் தூக்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன்.

உள்ளே டீ இருந்தது.

இருந்த டீ முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாவின் மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையில் இறங்கியது. அவர் துள்ளி எழுந்தார். "கண்ணு தெரியலயா ஒனக்கு? டீய வச்சிக்கிட்டு எவளாவது கப்பக் கவுப்பாளா? செராமிக்கு செராமிக்குன்னு புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

அந்த அறையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். சரஸ் ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நானோ வாயெல்லாம் பல்லாக நின்றேன். என்னை! நேராக! என் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார்! கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. நல்லவேளை, டீ ஆறிப்போயிருந்தது, சுடவில்லை. "இன்னும் நாலு வார்த்த திட்டுங்க சம்பந்தி" என்றேன். தெரியாமல் வாயில் வந்துவிட்டது. அவர் ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஞாபகம் வந்தவர்போலத் திரும்பி நாற்காலியிடம், "பைத்தியம் புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பார்க்கின் வாசலில் அடுத்த கூத்து. மெம்பரும் கூட வந்தவரும் போகத் தனி வழி, சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சாதாரண வரிசை அனுமார் வால் மாதிரி வளைந்து வளைந்து போனது. "யாரு பின்னாடியும் ஒட்டிக்கிட்டுப் போவணும்னு எனக்குத் தலையெழுத்து இல்ல" என்று ஒரு கம்பத்திடம் சொல்லிவிட்டுச் சம்பந்தி சாதாரண வரிசையில் போய் நின்றுகொண்டார். வெயில் நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குச் சளைத்ததில்லை. நானும் போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

ஓட்டலில் என் கையில் கட்டிவிட்டிருந்த தங்க நிறப் பட்டையைப் பார்த்து ஒரு ஊழியன் ஓடி வந்தான். "மேடம், நீங்கள் தங்க மெம்பர், உங்கள் வழி அங்கே இருக்கிறது" என்றான். தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். அவன் போய் இன்னொருவரைக் கூட்டி வந்தான். அவர் போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தார். முன்னால் நின்ற மலாய்க் குடும்பத்துப் பெண் தன் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்க, அவர் சொன்ன பதிலுக்குச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பின்னால் நின்ற தமிழ்ப் பையன் எனக்காக மொழிபெயர்த்தான்: "இந்தம்மா ஏதோ வேண்டுதலுக்காக வரிசையில நிக்கிறாங்க போலன்னு சொல்றாரு ஆண்ட்டி."

கொளஞ்சியம்மாவின் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். நான் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஊஞ்சல் போல ஆடுகிற பெரிய கப்பல். மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் போடுகிற ராட்டினத்தில் ஏறியவள்தானே என்று தைரியமாக ஏறிவிட்டேன். சம்பந்தியும் ஏறினார். இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வேண்டும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பியை மடிமேல் இறக்கிப் பூட்டிவிட்டார்கள். இனி யாரும் யாரையும் விட்டு எழுந்து போக முடியாது.

முதல் ஆட்டம் சுகமாக இருந்தது. இரண்டாவதில் வயிறு தொண்டைக்கு வந்தது. மூன்றாவதில் கப்பல் நேர் நட்டுக்குத்தலாக நின்றபோது, என் மணிக்கட்டை ஒரு பிடி பிடித்தது பாருங்கள், கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிடி! "கொளஞ்சியப்பா! நிறுத்தச் சொல்லு தனம்! ஐயோ தனம்! எஞ்செருப்பு போச்சு தனம்!" ஒரு செருப்பு நிஜமாகவே பறந்து யாரோ வைத்திருந்த பாப்கார்னில் போய் விழுந்தது. நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கப்பல் நின்றபோது இருவர் கொண்டையும் அவிழ்ந்து, பேய் பிடித்தவர்கள்போல உட்கார்ந்திருந்தோம்.

இறங்கி ஒற்றைச் செருப்போடு நின்ற கொளஞ்சியம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினார். கண்ணில் தண்ணீர். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி போவமா?" என்றார்.

மறுபடி அந்த நீள வரிசையைப் பார்த்தார். என் கையில் கட்டியிருந்த தங்க நிறப் பட்டையைப் பார்த்தார். "அந்தக் கம்பள வழி இதுக்கும் உண்டா?"

"உண்டு சம்பந்தி. ஆனா மெம்பர் முன்னாடி போவணும், நீங்க பின்னாடி வரணும்."

"யாரு சொன்னது?" என்று என் கையைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிக் காவல்காரன் மூக்குக்கு நேரே காட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இடித்துக்கொண்டு ஒரே ஆள் போகிற வழியில் நுழைந்தோம். அன்று அந்தக் கையை அவர் விடவே இல்லை. கப்பலில் நான்கு தடவை ஏறினோம். மரக்கட்டைப் படகில் ஏறி அருவியில் விழுந்தோம். புடவை முழங்காலுக்குச் சுருண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து, ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். வயதான சீனத் தம்பதி எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் பார்க்கில் வேலை செய்கிறவர்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

சாயங்காலம் அறைக்கு வந்து, தலை காயவைக்கிற மெஷினைப் புடவைக்குப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. அப்போதுதான் கேட்டேன். "சம்பந்தி, அந்தப் பந்தி விஷயம்..."

"அடப் போ தனம். எங்கண்ணன எழுப்பிவுட்டா அடுத்த பந்தியில அவுரு ரெண்டு மடங்கு தின்னுட்டு வந்தாரு. அதுவா எனக்கு?" மெஷினின் இரைச்சலை மீறிச் சொன்னார். "ரெண்டு நாளு கல்யாணம். என்னத் தூக்கி ஒரு சேர்ல ஒக்கார வச்சிட்டீங்க. வரவங்க எல்லாம் காப்பி குடுத்தாங்க, சந்தனம் குடுத்தாங்க, கும்புட்டாங்க, போயிட்டாங்க. ஒரு பொம்பள பக்கத்துல ஒக்காந்து, ஒன் புள்ளைக்கு என்னா புடிக்கும், நீ எப்படி இருக்கிறன்னு பேசல. நீயும் வந்த, வாங்கன்ன, போயிட்ட. எம் புள்ளய ஒன் வூட்டுக்குக் குடுத்துட்டு நான் தனியா ஒக்காந்திருந்தேன்."

மரியாதையில் ஒரு குறை வந்துவிடக்கூடாது என்று அந்த இரண்டு நாளும் நான் பயந்து பயந்து ஓடியது எனக்குத்தான் தெரியும். முந்தின நாள் கழுத்தில் ஆர்க்கிட் மாலையோடு ஓட்டல் வாசலில் நின்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அத்தனை பேர் கும்பிட்டார்கள், பேச ஒரு ஆள் இல்லை. "செந்திலுக்கு என்னா புடிக்கும் சம்பந்தி?" என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். புடவை காய்ந்து மொடமொடப்பாகி, மெஷின் சூடாகித் தானே நின்றுபோன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது, மெம்பர் என்பதால் சாயங்காலம் வரை இருக்கலாம் என்றாள் சரஸ். "வளைகாப்பு வேல தலைக்கு மேல கெடக்குதும்மா" என்று கொளஞ்சியம்மா அவளிடம் சொன்னார். எனக்கு ஜிவ்வென்று ஆனது. ஆனால் டிக்கெட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கப் பயந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே செந்தில், "அம்மா, நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று ஆரம்பித்தார். கவிதா அசையாமல் நின்றாள்.

"பெத்தவளத் தொரத்தறதுலயே இருடா. ஞாயித்துக்கெழம விசேஷத்த வச்சிக்கிட்டு எவளாவது பிளைட்டு ஏறுவாளா? போயி வாழ எலை கெடைக்குதா பாரு" என்று கொளஞ்சியம்மா அவரை விரட்டினார். கவிதா என்னைப் பார்த்து, என்ன செய்தாய் என்று கண்ணாலேயே கேட்டாள். டீயை ஊற்றினேன் என்றால் நம்பவா போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை கவிதாவைப் பச்சைப் புடவையில் உட்காரவைத்தோம். நான் ஊரிலிருந்து கண்ணாடி வளையல்களைப் பீங்கான் சரக்குப் போல வைக்கோலில் பொதிந்து கொண்டுவந்திருந்தேன். விமான நிலையத்தில் வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஆனாலும் ஒன்றுகூட உடையவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள், ஒரு மலாய்க்காரப் பெண், ஒரு சீனத்து டீச்சர் எல்லாம் வந்து கூடம் நிறைந்துவிட்டது. சந்தனம் பூசியாயிற்று. முதல் வளையல். மாமியார் முறை. நான் வழக்கம்போல ஒதுங்கிச் சமையலறை வாசலுக்குப் போய்விட்டேன்.

கொளஞ்சியம்மா வளையலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "தனம் எங்க?"

"இங்கதான் இருக்கேன் சம்பந்தி. நீங்க மொதல்ல போடுங்க. அப்பறம் நான்."

"மொதல்ல என்னா மொதல்ல? அவளுக்குக் கை ரெண்டு இருக்குதுல்ல? வா, வந்து ஒக்காரு. நீ அந்தக் கையப் புடி."

போய் உட்கார்ந்தேன். கவிதாவின் இடது கை என் கையில், வலது கை அவர் கையில். "ம்" என்றார். இரண்டு பேரும் ஒன்றாக வளையலை ஏற்றினோம். கவிதா இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், அழுதுவிட்டாள். யார் போட்ட வளையல் முதலில் ஏறியது என்று பிறகு ஊரில் எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.